வேர்ட்பிரஸ் தளத்தை இடம் மாற்ற நான்கு வழிகள்: எது எங்கே உடையும், யாருக்கு எது பொருந்தும்?

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் உங்கள் தளத்தின் ஹோஸ்டிங்கை, அதாவது சர்வரில் வாடகைக்கு எடுத்த இடத்தை, புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. முதல் ஆண்டு கட்டியதைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். தளமோ வாரத்துக்கு இரண்டு முறை ‘தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை’ என்று காட்டிவிட்டு நின்றுபோகிறது. வேறு சர்வருக்குப் போய்விடலாம் என்று மனம் முடிவெடுத்த பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. பிளகின் (வேர்ட்பிரஸோடு இணைக்கும் துணைநிரல்) ஒன்றை நிறுவி மாற்றுவதா? கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நாமே எடுத்துச் செல்வதா? புதிய நிறுவனம் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்கிறதே, அவர்களிடம் விட்டுவிடுவதா? அல்லது வேர்ட்பிரஸையே விட்டுவிட்டு தரவுத்தளம் தேவைப்படாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக்கி வைத்துவிடலாமா?

சிற்றிதழ்கள், ஊர் நூலகங்கள், தனி எழுத்தாளர்கள் நடத்தும் தளங்களுக்கு உதவிவருவதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. எழுத்துதான் அந்தத் தளங்களின் சொத்து. படம் போனால் மீண்டும் ஏற்றலாம், வடிவமைப்பு போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். பத்து ஆண்டுகளாகச் சேர்ந்த கட்டுரைகள் போனால் போனவைதான். ஆகவே எது சீக்கிரம் முடியும் என்பதற்கு முன்னால், பாதியில் உடைந்தால் எங்கே உடைந்தது என்று எந்த வழியில் நமக்குத் தெரியும் என்பதைப் பார்க்கிறேன்.

## நகர வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா?

தளத்துக்குள் இருக்கும் கோளாறு தளத்தோடு சேர்ந்தே புது இடத்துக்கும் வரும். அதனால் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சிலவற்றைப் பாருங்கள்.

சர்வரில் இடம் நிறைந்துவிட்டதா? பல தளங்களில் காப்புநகல் பிளகின் தன் பழைய நகல்களை அதே வட்டில் குவித்துக்கொண்டே போயிருக்கும். இடம் மீதமிருந்தும் படம் ஏறவில்லை என்றால் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டிருக்கலாம். வேர்ட்பிரஸ் 5.3 முதல் (2019) நீங்கள் ஏற்றும் ஒரு பெரிய படத்திலிருந்து வெவ்வேறு அளவுகளில் நகல்கள் உருவாகின்றன. மூலப் படத்தையும் சேர்த்தால் எட்டுக் கோப்புகள் வரை போகும். ஆயிரம் படங்கள் என்றால் எண்ணாயிரம் கோப்புகள், அதுவும் தீம் தன் பங்குக்குச் சேர்ப்பதைக் கணக்கில் எடுக்காமலேயே.

தரவுத்தளப் பிழை எப்போதும் வராமல் அவ்வப்போது மட்டும் வருகிறதென்றால் நினைவகம் போதாமல் மைஎஸ்க்யூஎல் (தரவுத்தள மென்பொருள்) நிறுத்தப்படுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 1 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய விபிஎஸ்களில் (நாமே பராமரிக்கும் மெய்நிகர் சர்வர்களில்) இது சாதாரணம். அங்கே, நினைவகம் தீரும்போது வட்டில் இடம் தரும் ஸ்வாப் கோப்பு ஒன்றைச் சேர்த்தாலே பல தளங்கள் நிமிர்ந்துவிடும்.

வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பியின் பதிப்பு பழையதாக இருப்பது மட்டும்தான் குறை என்றால், பெரும்பாலும் இருக்கும் இடத்திலேயே மாற்றிவிடலாம். பிஎச்பி 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பதிப்பையும் சர்வரையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். வெள்ளைப் பக்கம் வந்தால் காரணம் புதிய சர்வரா, புதிய பிஎச்பியா என்று தெரியாமல் போய்விடும். ஒரு நாளில் ஒரு மாற்றம் போதும்.

## எதை வைத்து அளப்பது?

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஆகும் நேரமும் செலவும் எல்லோரும் கேட்பவை. கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது மூன்றாவது. மற்ற இரண்டும் தமிழ்த் தளங்களைத் தனியாகத் தாக்குபவை, அவற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எழுத்து. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையில்) குறியீட்டுக்கு மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. தரவுத்தளம் அவற்றை வேறு குறியாக்கம் என்று தவறாக எண்ணிப் படித்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்துமாக, மேலைநாட்டு எழுத்துகள் வரிவரியாக வந்து நிற்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் பிசகியிருக்கிறது, மீட்டுவிடலாம். ஆனால் தமிழ் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால், அந்தப் பிரதியில் எழுத்து அழிந்துவிட்டது. தமிழை ஏற்காத தரவுத்தள அட்டவணைக்குள் கொட்டியதால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. மூலத்துக்குத் திரும்புவது ஒன்றே வழி.

ஒரு இதழின் தளத்தை அதன் புதிய நிறுவனம் மாற்றிக்கொடுத்தபோது இதுதான் நடந்தது. முகப்புப் பக்கம் அழகாகத் திறந்தது. 2009க்கு முந்தைய கவிதைகளில் கேள்விக்குறிகள் இருப்பதை மூன்று வாரம் கழித்து ஒரு வாசகர்தான் கவனித்தார். அதற்குள் பழைய கணக்கை மூடிவிட்டிருந்தார்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துச் சேர்த்தோம். அங்கே இல்லாதவை இன்றுவரை கிடைக்கவில்லை.

முகவரி. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிச் சொல்லுக்கு 200 எழுத்துகள் மட்டுமே ஒதுக்குகிறது. தமிழில் ஒரு குறியீடு அங்கே விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 45 போய்விடும், ஏனென்றால் அதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆகவே ‘தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நாள்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘தஞ்சைப்-பெரிய-கோயிலில்-ஒ’ என்று அறுபட்டு நிற்கும். பார்க்க அழகில்லைதான். ஆனால் பத்து ஆண்டுகளாக மற்றவர்கள் இணைப்புக் கொடுத்திருப்பதும் தேடுபொறிகள் அறிந்திருப்பதும் அந்த அறுபட்ட முகவரியைத்தான். நகர்வில் அது ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

## வழி ஒன்று: பிளகின்

பழைய தளத்தில் ஒரு பிளகினை நிறுவி, எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, புதிய இடத்தில் அவிழ்ப்பது. சில நூறு எம்பி அளவுள்ள தளத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. டொமைன் பெயர் மாறினாலும் நல்ல பிளகின்கள் அதைச் சரியாகக் கையாள்கின்றன.

பெரிய தளத்தில்தான் இது திணறும். பிஎச்பியின் இயல்பான அமைப்பில் ஒரு வேலைக்கு 30 வினாடிகளும், ஏற்றும் கோப்புக்கு 2 எம்பியும்தான் வரம்பு. பல தளங்கள் ஒரே சர்வரில் இருக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் நிறுவனம் அதைக் கூட்டித்தான் வைத்திருக்கும், ஆனாலும் எல்லை உண்டு. முன்னேற்றப் பட்டை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றால் அந்த எல்லையில் முட்டுகிறீர்கள் என்று பொருள். திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை. படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் அடைவைப் பிளகினிலிருந்து விலக்கிவிட்டு, அதை மட்டும் எஃப்டிபி (கோப்புகளை ஏற்றி இறக்கும் முறை) வழியாகத் தனியே நகர்த்துங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும். பொட்டலம் கட்ட, தளம் இருக்கும் அளவுக்கு வட்டில் வெற்றிடமும் வேண்டும். இடம் நிறைந்ததால் நகர்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. சில பிளகின்களின் இலவசப் பதிப்பில் அளவு வரம்பு இருக்கிறது, அது பாதி வழியில்தான் தெரியவரும். அதைவிடக் கவலை தருவது, வேலை முடிந்த பிறகும் அந்தப் பொட்டலம் பொது அடைவிலேயே கிடப்பது. அதற்குள் தரவுத்தளக் கடவுச்சொல்லும் வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் இருக்கின்றன. நகர்வு முடிந்த அன்றே அழித்துவிடுங்கள்.

சிறிய தளம், 2015க்குப் பிறகு தொடங்கியது, எஸ்எஸ்எச் வசதி (சர்வருக்குள் நுழைந்து கட்டளை இடும் வழி) இல்லை என்றால் தயங்காமல் இந்த வழி.

## வழி இரண்டு: கையால் எடுத்துச் செல்வது

தரவுத்தளத்தை ஒரு எஸ்க்யூஎல் கோப்பாக இறக்குவது, கோப்புகளை ஆர்சிங்க் என்ற கருவி மூலம் நகலெடுப்பது, புதிய சர்வரில் இரண்டையும் வைத்து கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் தரவுத்தளப் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுவது. சொல்ல மூன்று வரிதான். முதல் முறை செய்பவருக்கு ஒரு வார இறுதி ஆகும்.

அந்த வார இறுதிக்குக் கிடைக்கும் கூலி, ஒவ்வொரு படியையும் தனித்தனியே சோதிக்க முடிவது. எஸ்க்யூஎல் கோப்பை உரைத் தொகுப்பானில் திறந்து தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். வேறெந்த வழியிலும் இந்த நிம்மதி கிடையாது.

உடையும் இடங்களும் தெரிந்தவைதான்.

வேர்ட்பிரஸ் 2.2 (2007) வருவதற்கு முன் தொடங்கிய தளங்களில் அட்டவணைகள் லத்தீன்1 (மேலைநாட்டு எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே யுடிஎஃப்-8 தமிழைச் சுமந்துகொண்டிருக்கும். வழக்கம்போல இறக்கினால் மைஎஸ்க்யூஎல் அதை ‘மாற்றிக் கொடுத்து’ தமிழைக் குலைத்துவிடும். அப்படிப்பட்ட தளத்தை, லத்தீன்1 என்ற குறியாக்கத்தைக் குறிப்பிட்டு, எந்த மாற்றமும் செய்யாமல் பைட்டுகளை அப்படியே இறக்க வேண்டும். பிறகு கோப்பில் லத்தீன்1 என்று வரும் இடங்களை யுடிஎஃப்8எம்பி4 (முழு யுடிஎஃப்-8க்கு மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கும் பெயர்) என்று திருத்தி, அந்தப் புதிய குறியாக்கத்தையே சொல்லிப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டேப் காலத்து எழுத்துருக்களில் எழுதிய பக்கங்களும் கலந்திருந்தால் அவற்றை இப்போது தொடாதீர்கள். நகர்வு முடிந்து, தனிப் பிரதி ஒன்று கையில் வந்த பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

மைஎஸ்க்யூஎல் 8இலிருந்து, மைஎஸ்க்யூஎல் வழிவந்த மரியாடிபி என்ற தரவுத்தளத்துக்குப் போகும்போது ‘தெரியாத ஒப்பீட்டு விதி’ என்ற பிழை வரக்கூடும். ஒப்பீட்டு விதி என்பது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறை. மைஎஸ்க்யூஎல் 8 தன் இயல்பாக வைத்திருக்கும், பெயரில் 0900 என்ற எண் வரும் விதியைப் பல மரியாடிபி பதிப்புகள் அறியா. எஸ்க்யூஎல் கோப்பில் அந்தப் பெயரை இரண்டுக்கும் பொதுவான யூனிகோட் விதியின் பெயரால் மாற்றினால் ஏறிவிடும்.

டொமைன் மாறுகிறதென்றால், அந்தக் கோப்பிலேயே பழைய பெயரைத் தேடிப் புதிய பெயரைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை, இந்தச் சொல் இத்தனை பைட் நீளம் என்ற கணக்கோடு சேமிக்கிறது. பெயரின் நீளம் மாறினால் கணக்கு பொருந்தாமல் விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் காணாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐ என்ற வேர்ட்பிரஸ் கட்டளைக் கருவியின் தேடி மாற்றும் கட்டளை அந்த நீளங்களையும் சேர்த்துத் திருத்துகிறது.

முகப்பு மட்டும் திறந்து மற்றப் பக்கமெல்லாம் 404 (பக்கம் இல்லை) என்றால், முகவரி விதிகள் உள்ள, புள்ளியில் தொடங்கும் ஹெச்டிஅக்சஸ் கோப்பு மறைகோப்பு என்பதால் நகலில் விடுபட்டிருக்கும். நிர்வாகப் பகுதியில் நிலையிணைப்பு (பெர்மாலிங்க்) அமைப்பைத் திறந்து ஒருமுறை சேமித்தாலே அது மீண்டும் எழுதப்படும். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை, அதன் சொந்த அமைப்பில் விதியை எழுத வேண்டும். தளம் திறக்கிறது, படம் மட்டும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கோப்புகள் ரூட் (சர்வரின் தலைமைப் பயனர்) பெயரில் இருக்கின்றன. உரிமையாளரை மாற்றுங்கள், அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்ற அனுமதி எண்களைக் கொடுங்கள். எவரும் எழுதலாம் என்ற 777 கொடுத்துத் தப்பிக்க வேண்டாம்.

பலர் அறியாத ஒன்று: தமிழில் பெயர் வைத்த படங்கள். ‘கோவில்’ என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மேக் கணினியின் பழைய கோப்பு முறை எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். அதில் இறக்கி லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினால், கோப்பு கண் முன்னே இருக்கும், படம் தெரியாது. சர்வரிலிருந்து சர்வருக்கு நேராக ஆர்சிங்க் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

மறைமுகச் செலவு: போகும் இடம் விபிஎஸ் என்றால், அன்றிலிருந்து பாதுகாப்புப் புதுப்பிப்பு, காப்புநகல், இரவில் சர்வர் நின்றால் எழுப்புவது எல்லாம் உங்கள் பொறுப்பு. மாதக் கட்டணத்தைவிட இதுதான் பெரிய செலவு. எஸ்எஸ்எச் உள்ள பகிர்வு ஹோஸ்டிங்கிலும் இதே முறையில் நகரலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெரிய தளம், பழைய தளம், குறியாக்கத்தில் சந்தேகம் உள்ள தளம் என்றால் இந்த வழிக்குத்தான் என் வாக்கு.

## வழி மூன்று: நிறுவனத்திடம் விடுவது

கடை, முன்பதிவு என வருமானம் ஓடும் தளத்துக்கு, தொழில்நுட்பம் தெரிந்தவர் எவரும் இல்லாத இடத்துக்கு, இது நியாயமான தேர்வு. ஆனால் மாற்றுகிறவருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். முகப்பு திறந்தால் அவர் வேலை முடிந்தது. பழைய பதிவுகளைச் சரிபார்ப்பது உங்கள் வேலை என்று முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: மின்னஞ்சல் பெட்டிகளும் மாறுமா, தளம் மட்டுமா? டிஎன்எஸ் (டொமைன் பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் பதிவு) மாற்றும் முன் புதிய தளத்தைப் பார்க்க வழி தருவீர்களா? ‘இலவசம்’ என்பது ஒரே வகைக் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு இடையே மட்டும்தானா? பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்திருப்பீர்கள், வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். எப்படியானாலும் ஒப்படைக்கும் முன் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். மேலே சொன்ன இதழுக்கு அந்த ஒரு கோப்பு இருந்திருந்தால் போதும்.

## வழி நான்கு: நிலைப் பக்கங்களாக்குவது

புதிய பதிவுகள் நின்றுபோன இதழ், ஒருவர் மறைவுக்குப் பின் குடும்பத்தார் காக்க நினைக்கும் எழுத்துகள் போன்றவற்றுக்கு வேர்ட்பிரஸ் தேவையில்லை. எச்டிஎம்எல் பக்கங்களாக ஏற்றுமதி செய்தால் தரவுத்தளமும் பிஎச்பியும் இல்லை, அவை வழியாக ஊடுருவ வாசலும் இல்லை. கிட்ஹப் பேஜஸ் 1 ஜிபி வரையிலான தளத்தை இலவசமாக வைத்துக்கொள்கிறது. கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இலவசத் திட்டத்தில் 20,000 கோப்புகள் வரை ஏற்கிறது. ஒரு படத்துக்கு எட்டுக் கோப்பு என்ற கணக்கை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பவை: பின்னூட்டம், தேடல், தொடர்புப் படிவம். அதைவிட ஆபத்து முகவரியில். இருக்கும் தளத்தை அப்படியே படியெடுக்கும் கருவி பழைய முகவரிகளைக் காப்பாற்றும். தலைப்பிலிருந்து முகவரியைப் புதிதாக உருவாக்கும் கருவியோ ‘ஒ’ என்று அறுபட்டதை ‘ஒரு-நாள்’ என்று முழுமையாக்கிவிடும், பழைய இணைப்பு 404 ஆகும். இன்னும் சில கருவிகள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் உதிர்த்துவிடும். அவற்றின் கையில் ‘தமிழ்’ ‘தமழ’ ஆகிறது. தேர்வதற்கு முன் ஐந்து தமிழ்த் தலைப்புகளைக் கொடுத்துச் சோதியுங்கள்.

வாரம் ஒரு பதிவு எழுதும், கணினிப் பழக்கம் குறைந்த ஆசிரியர் இருக்கும் தளத்துக்கு இது பொருந்தாது. அவர் எழுதுவதையே நிறுத்திவிடுவார்.

## ஒரே பார்வையில்

| | பிளகின் | கையால் | நிறுவனம் | நிலைப் பக்கம் |
|---|---|---|---|---|
| தமிழ் எழுத்து | புதிய தளத்தில் பத்திரம், பழையதில் ஐயம் | நீங்களே பார்த்து உறுதி செய்யலாம் | செய்பவரைப் பொறுத்தது | திரையில் சரியாகத் தெரிவது அப்படியே நிற்கும் |
| முகவரி | மாறாது | மாறாது | மாறாது | கருவியைப் பொறுத்தது |
| திரும்பும் வழி | பழைய கணக்கு இருக்கும்வரை | எப்போதும், பிரதி கையில் | நீங்கள் நகல் எடுத்திருந்தால் | பழைய வேர்ட்பிரஸை வைத்திருந்தால் |
| உங்கள் நேரம் | ஒரு மாலை | ஒரு வார இறுதி | சரிபார்க்க ஒரு நாள் | முதலில் பல நாள், பிறகு மிகக் குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | அளவு வரம்பு, கைவிடப்பட்ட பொட்டலம் | விபிஎஸ் என்றால் தொடர் பராமரிப்பு | மின்னஞ்சல் விடுபடுவது | தேடல், பின்னூட்டம் |

## எந்த வழியானாலும்: டொமைனைத் திருப்பும் நாள்

நான்கு வழிகளும் டிஎன்எஸ்ஸில் வந்து சேர்கின்றன. ஒரு நாள் முன்பே ஏ பதிவின் (டொமைனுக்குரிய ஐபி எண்ணைச் சொல்லும் வரியின்) டிடிஎல் அளவை, அதாவது அது மற்றவர்களிடம் நினைவில் தங்கும் நேரத்தை, 86,400 வினாடியிலிருந்து 300க்குக் குறைத்துவிடுங்கள். அப்போது மாற்றம் சில நிமிடங்களில் பரவும், தவறினால் அதே வேகத்தில் திரும்பலாம். இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுவதைத் தவிருங்கள். டாட்காம் பெயர்களுக்கு அந்தத் தகவல் 48 மணி நேரம் வரை பழையபடியே தங்கக்கூடும். நேம்சர்வர் மாறும்போது அஞ்சலுக்கு வழி சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைப் புதிய இடத்தில் எழுத மறப்பதால்தான் தளம் வந்தும் மின்னஞ்சல் நின்றுபோகிறது. தளத்திலிருந்து புறப்படும் அஞ்சல் போகவில்லை என்றால் அஞ்சல் வெளியேறும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பாருங்கள். அமேசானின் ஈசி2 உட்படப் பல மேகச் சேவைகளில் அது இயல்பாகவே மூடியிருக்கும்.

திருப்பும் முன், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைன் பெயருக்கு எதிரே புதிய சர்வரின் ஐபி எண்ணை எழுதினால் உலகம் பழைய தளத்தைப் பார்க்கும்போது நீங்கள் மட்டும் புதியதைப் பார்க்கலாம். அந்த இடைவேளையில் பழைய தளத்தில் பின்னூட்டங்களை மூடிவையுங்கள், இல்லையென்றால் அங்கே வருபவை அங்கேயே தங்கிவிடும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழை வழக்கமான முறையில் புதிய சர்வரில் வாங்க, டொமைன் முதலில் அங்கே திரும்பியிருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்கு வாசகர் எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்க்காதிருக்க, பழைய சர்வரின் சான்றிதழையும் சாவியையும் தற்காலிகமாக எடுத்துச் செல்லுங்கள். பிறகு தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். 90 நாளில் காலாவதியாகும், அதை நினைவூட்டும் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னால் (வாசகரின் கோரிக்கை முதலில் அங்கே போய்த் தளத்துக்கு வரும்படி) இருக்கும் தளம் தன்னைத்தானே சுற்றிச் சுற்றித் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தால், அங்கே எஸ்எஸ்எல் அமைப்பை ஃபிளெக்சிபிளிலிருந்து ஃபுல் ஸ்டிரிக்டுக்கு மாற்றுங்கள்.

பழைய கணக்கை ஒரு மாதம் விட்டுவையுங்கள். அந்த மாதத்தில் தளத்தின் மிகப் பழைய ஆண்டிலிருந்து மூன்று பக்கங்களையும், தமிழ்ப் பெயர் வைத்த படம் உள்ள இரண்டையும், மிக நீண்ட தலைப்பு உள்ள இரண்டையும், பின்னூட்டம் மிகுந்த ஒன்றையும் நீங்களே திறந்து கடைசி வரி வரை படியுங்கள். அவை அனைத்தும் சரியாக இருந்தால் ரத்துக் கடிதத்தை அனுப்பலாம்.